எடைமேடைக்குப் பின்னால்

இருபத்தெட்டு டன் குலையோடு லோரி ஏறுகிறது.
திரையில் எண் துடித்து, தயங்கி, நிற்கிறது.
முதலில் மொத்தம். அப்புறம் வெறும் வண்டி.
கழித்தால் பழம்.
காலை ஏழிலிருந்து இதுதான் என் கணக்கு.
பத்து கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் கிடையாது.

ஒரு மணிக்குச் சன்னலை இழுத்து மூடி
சோற்று டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டு
கேமராவோடு பின்பக்கம் போகிறேன்.
ஈப்போவில் யாரோ கழித்துப்போட்ட பழசு.
லென்சைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.
வெளிச்சம் முகத்தில் அறையாமலிருக்க
பால் டப்பாவை வெட்டி ஒரு குடை.
"ஈயடிச்சான் கிராணி வந்தாச்சு!"
பாய்லர் தேவசகாயத்துக்குத் தினமும் இதுவே.
சொல்லிவிட்டுப் போகட்டும்.
நான் இதுவரை ஒன்றைக்கூட அடித்ததில்லை.

மூச்சு விட்டால் பறந்துவிடும்.
நிழல் விழுந்தால் பறந்துவிடும்.
கால்வாய்ச் சேற்றில் முழங்கை ஊன்றி
பெரணி இலையோடு இலையாக ஆட வேண்டும்.
நூற்றிருபது படம் எடுத்தால் ஒன்று தேறும்.

அந்த ஒன்றில்:
செம்பில் பச்சை ஊறிய உடம்பு,
உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள்,
கண் முழுக்க
மழை விட்ட தார்ச்சாலையில் சிந்திய டீசல்.
பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில்
குண்டூசித் தலையாய் இரண்டு குமிழ்.
குளவி வேஷம் கட்டிய ஈயும்
இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒன்றரை லட்சம் வகைக்கு மேல் உண்டாம்.
நாம் ஒரே எழுத்தில் வேலையை முடித்துவிட்டோம்.

பினாங்கிலிருக்கும் மிஸ் கோ சியூ லெங்
படத்தைப் பெரிதாக்கி, இறக்கை நரம்பை எண்ணி
பதில் எழுதினார்:
குடும்பம் நிச்சயம். பேரினம் அநேகமாக.
இனம் வேண்டுமானால் ஆண் ஒன்றைப் பிடித்து
ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பு.
வால்நுனியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பீடோர் மருந்துக்கடையில் புட்டி வாங்கினேன்.
ஏழு வெள்ளி.
மூன்று நாள் இழுப்பறையில் இருந்தது.
நான்காம் நாள் கக் ரோஸ்னா
அதில்தான் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நான் தடுக்கவில்லை.
படத்துக்குப் பெயர் வைத்தேன்: தெரியாது 41.

பழம் கொட்டும் மாதங்களில் ஓவர்டைம்.
ஏழு மணிக்கு, கழிவுக்குளம் தாண்டி
வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை.
கரை சரிந்த இடத்தில் வேர்மயிர் தொங்கும்.
அதில் இரவு தங்க வருகின்றன
கொம்புக்கண் ஈக்கள்.
அம்மா பால் தூக்கிய காண்டாக் கம்பில்
இரண்டு முனையிலும் வாளி தொங்குமே,
அந்த மாதிரி
தலையை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும் கண்கள்.

ஒரே வேருக்கு இரண்டு ஆண்கள்.
முகத்துக்கு நேர் முகம்.
கண்ணோடு கண்ணை ஒட்டவைத்து
அகலம் பார்க்கின்றன.
அவ்வளவுதான்.
குறைந்தது தானே இறங்கிப் போகிறது.

சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை.
நேற்று எண்பது கிலோவுக்காக
சன்னலைக் குத்திய சின்னத்தோட்டக்காரர்
ஞாபகம் வந்தார்.
அவர் சொன்னதும் பொய்யில்லை.
மேடை சொன்னதும் பொய்யில்லை.
வழியில் மழை நின்றிருக்கும், தண்ணீர் வடிந்திருக்கும்.
இதை நேற்றே சொல்லியிருக்கலாம்.

படம் எடுக்கவில்லை. இருட்டிவிட்டது.
தோற்றுப் போன ஈ
என் கேமரா வாரில் வந்து உட்கார்ந்தது.
வேலி வரைக்கும் கூடவே வந்தது.

காலையில் மேடையைக் கழுவி நிமிர்ந்தேன்.
ஈரத் தகட்டின் நடுவே ஒன்று
முன்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.
சாதாரண ஈ. வகைகூடத் தெரியும்.
திரையில் பூஜ்யம்.
முதல் லோரி. சன்னாசி ஹாரனை அழுத்துகிறான்.
நான் சன்னல் வழியாக
இரண்டு விரல் காட்டுகிறேன்:
இரண்டு நிமிஷம்,
இங்கே ஆள் இருக்கு.